குடிநீர்க் குழாயைத் தின்பது யார்?

குடிநீர்க் குழாய் உடைந்தால் ஊருக்கே தெரியும். சாலையில் தண்ணீர் பீறிட்டு அடிக்கும். பள்ளம் விழும். பஸ் வேறு வழியாகத் திரும்பிப் போகும். பெண்கள் காலிக் குடத்துடன் நிற்பார்கள்.

ஆட்கள் வருவார்கள். தோண்டுவார்கள். ஓட்டை விழுந்த துண்டை அறுத்து எடுப்பார்கள். புதிய துண்டை மாட்டுவார்கள். பள்ளத்தை மூடுவார்கள்.

பழைய துண்டு எங்கே போகிறது?

பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது!

அங்கேதான் தவறு நடக்கிறது. அது வெறும் பழைய இரும்பு அல்ல. அது ஒரு சாட்சி. குழாயைக் கொன்றது யார் என்று அது சொல்லும். சாட்சியை எடைக்குப் போட்டுவிட்டுப் பள்ளத்தை மூடினால் என்ன ஆகும்? அதே குற்றவாளி அடுத்த துண்டையும் தின்பான். அதற்கு அடுத்த துண்டையும் தின்பான்.

குழாயை மாற்றுவது வேலையில் பாதிதான். காரணத்தைக் கண்டுபிடிப்பது மறு பாதி. அந்த மறு பாதியைச் செய்யாத ஊரில் பணமும் தண்ணீரும் சேர்ந்தே மண்ணுக்குள் போகின்றன.

உயிருக்கும் ஆபத்து

தண்ணீர் வீணாவது மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆபத்து அதைவிடப் பெரியது.

குழாயில் தண்ணீர் வேகமாக ஓடும்போது, ஓட்டை வழியே தண்ணீர் வெளியே கசியும். தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகும். அப்போது வெளியே இருக்கும் தண்ணீர் அதே ஓட்டை வழியாக உள்ளே போகும்.

வெளியே இருப்பது என்ன? பல இடங்களில் சாக்கடை.

நாள் முழுவதும் தண்ணீர் ஓடும் ஊரில் இந்தப் பயம் குறைவு. விட்டு விட்டுத் தண்ணீர் வரும் ஊரில் பயம் அதிகம். நமது ஊர்களில் பெரும்பாலும் விட்டு விட்டுத்தானே தண்ணீர் வருகிறது! மஞ்சள் காமாலை, டைபாய்டு, காலரா ஆகிய மூன்றும் கெட்ட தண்ணீரால் பரவும் நோய்கள். ஒரு குண்டூசி அளவு ஓட்டை ஒரு தெருவையே படுக்கையில் தள்ளிவிடும்.

ஆகவே குழாய் அரிப்பது என்பது என்ஜினீயர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் அல்ல. ஒவ்வொரு வீட்டுத் தாயும் கவலைப்பட வேண்டிய விஷயம்.

இரும்பின் ஆசை

இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது?

இரும்பு மண்ணிலிருந்து வந்தது. கனிமக் கல்லாக இருந்ததை மனிதன் வெட்டி எடுத்தான். உலையில் போட்டு உருக்கினான். கட்டாயப்படுத்தி இரும்பாக மாற்றினான். ஆனால், இரும்புக்குத் தன் பழைய உருவத்தின் மீது ஆசை போகவில்லை. தண்ணீரும் காற்றும் கிடைத்தால் போதும். மீண்டும் செம்மண் போல ஆகிவிடத் துடிக்கிறது. அதுதான் துரு.

டில்லியில் ஓர் இரும்புத் தூண் இருக்கிறது. சுமார் 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. உலகமே அதைப் பார்த்து வியக்கிறது. ஆனால், 1961ஆம் ஆண்டில் அதன் அடியைத் தோண்டிப் பார்த்தார்கள். மண்ணுக்குள் இருந்த பகுதியைத் துரு அரித்திருந்தது!

காற்றையும் மழையையும் வென்ற தூண் மண்ணிடம் தோற்றது. அப்படி இருக்கும்போது நமது குழாய் எம்மாத்திரம்?

பாம்பன் பாலத்தையும் நினைத்துப் பார்க்கலாம். 1914ல் திறந்த பழைய ரெயில் பாலம் அது. உப்புக் காற்று ஓயாமல் அதைத் தின்றது. ஆட்கள் ஓயாமல் பெயிண்ட் அடித்தார்கள். பழுது பார்த்தார்கள். அப்படியும் அரிப்பு முற்றியதால் 2022 டிசம்பரில் அதில் ரெயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தது.

பாலம் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் நூறு ஆண்டுக்கு மேல் காப்பாற்ற முடிந்தது. புதைந்த குழாய் கண்ணுக்குத் தெரியாது. அதைக் காப்பாற்றக் கண் போதாது. அறிவு வேண்டும்.

மண்ணுக்குள் ஒரு பேட்டரி

டார்ச் விளக்கின் பேட்டரியைப் பலரும் பார்த்திருப்பார்கள். சாதாரண பேட்டரியின் மேல்கூடு துத்தநாகத் தகடு. விளக்கு எரிய எரிய அந்தத் தகடு கரைகிறது. ரொம்ப நாள் விட்டுவிட்டால் ஓட்டையாகி உள்ளே இருப்பது கசிகிறது.

மண்ணுக்குள் இருக்கும் குழாயும் ஒரு பேட்டரிதான்!

குழாயின் ஓர் இடம் கரைகிறது. இன்னோர் இடம் தப்பிக்கிறது. இரண்டுக்கும் நடுவே மிகச் சிறிய மின்சாரம் ஓடுகிறது. ஈர மண்தான் அந்த மின்சாரத்துக்குப் பாதை. மண்ணில் உப்பு இருந்தால் பாதை இன்னும் சுலபம்.

எந்த இடம் கரையும்? இங்கேதான் ஓர் ஆச்சரியம் இருக்கிறது.

காற்று அதிகம் படும் இடம்தான் கெடும் என்று எல்லோரும் நினைப்பார்கள். அது தவறு. ஒரே குழாயில் சில இடங்களுக்குக் காற்று கிடைத்து, சில இடங்களுக்குக் கிடைக்காமல் போனால், காற்று கிடைக்காத இடம்தான் கரைகிறது!

குழாயின் மேல்பக்கம் தளர்ந்த மண். அங்கே காற்று புகும். அடிப்பக்கம் இறுகிய களிமண். அங்கே காற்று புகாது. ஆகவே அடிப்பக்கம் அரிக்கிறது. அதனால்தான் மேலே பளிச்சென்று இருக்கும் குழாய் அடியில் சல்லடையாக இருக்கிறது. தோண்டுபவர் மேலே மட்டும் பார்த்துவிட்டு "நன்றாகத்தான் இருக்கிறது" என்று மூடினால் ஏமாந்து போவார்.

நாஞ்சில் நாட்டு மண்

இந்தக் கணக்கைக் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டின் சிறிய மாவட்டங்களில் ஒன்று அது. ஆனால் அதற்குள் எத்தனை வகை மண்! மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் செம்மண்ணும் சரளையும். நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளில் நெல் வயல். குளங்கள், சானல்கள். எப்போதும் ஈரம். பழையாறு மணக்குடியில் கடலில் கலக்கிறது. அந்தப் பக்கம் உப்பளம். பிறகு கடற்கரை மணல்.

மலைக்கும் கடலுக்கும் நடுவே தூரம் மிகக் குறைவு. தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது. வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. மண் நனைகிறது. காய்கிறது. மறுபடி நனைகிறது.

தண்ணீர் பிறப்பது மலையில். குடிப்பவர்கள் இருப்பது ஊரிலும் கடற்கரையிலும். ஆகவே குழாய் இத்தனை மண்ணையும் தாண்டித்தான் வர வேண்டும். நாகர்கோவிலுக்கு முக்கடல் அணையிலிருந்து தண்ணீர் வருகிறது. 2019ல் நாகர்கோவில் மாநகராட்சி ஆனது. வளர்ந்த ஊருக்கு ஓர் அணை போதாது என்று, புத்தன் அணையிலிருந்து குழாய் வழியே தண்ணீர் கொண்டுவரும் பெரிய திட்டமும் எடுக்கப்பட்டது. கடலோரக் கிராமங்களுக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் இருக்கின்றன.

ஒரே இரும்புக் குழாய். ஒரு பக்கம் காற்றோட்டமான சரளை. மறு பக்கம் தண்ணீர் தேங்கிய வயல் களிமண். அதற்கு அப்பால் உப்பு மண். பேட்டரி உண்டாக இதைவிட என்ன வேண்டும்?

மண்ணின் குணம் மாறவும் செய்யும். 2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்தது. மணக்குடிப் பாலத்தையே அது அடித்துக்கொண்டு போனது. கடல்நீர் புகுந்த இடங்களில் மண்ணில் உப்பு ஏறியது. நேற்று சாதுவாக இருந்த மண் இன்று கொடியதாக மாறலாம் என்பதற்கு அது பாடம்.

ஆகவே, சென்னையில் நன்றாக உழைத்த குழாய் இங்கேயும் உழைக்கும் என்று சொல்ல முடியாது. மலையடிவாரத்தில் உழைத்த குழாய் மணக்குடியில் உழைக்கும் என்றுகூடச் சொல்ல முடியாது.

காற்று வேண்டாத கிருமி

வயலில் ஆழமாக மண்வெட்டி போட்டால் சில இடங்களில் கறுப்புச் சேறு வரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். விவசாயிகளுக்கு இது தெரியும்.

அந்த நாற்றத்துக்குக் காரணம் ஒரு வகைக் கிருமி. அதற்குக் காற்று வேண்டாம். காற்று இருந்தால்தான் அதற்குத் தொல்லை! தண்ணீர் தேங்கிய களிமண்ணில் அது சுகமாக வாழும். மண்ணில் இருக்கும் சல்பேட் உப்பைப் பயன்படுத்திக்கொண்டு நாற்றம் பிடித்த வாயுவை வெளியிடும். அந்த வாயு இரும்பைக் கறுப்பாக்கி அரிக்கும்.

ஹாலந்து நாட்டில் ஈரக் களிமண் அதிகம். அங்கே வார்ப்பிரும்புக் குழாய்கள் ஏன் கெட்டுப்போகின்றன என்று இரண்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். 1934ல் இந்தக் கிருமியின் வேலையை வெளியிட்டார்கள்.

அவர்கள் பார்த்த குழாய்கள் விசித்திரமானவை. வெளியே பார்த்தால் குழாய் முழுசாக இருக்கும். கத்தியால் கீறினால் பென்சில் கரி போலச் சீவிக்கொண்டு வரும்! இரும்பு முழுவதும் கரைந்து போய், அதில் கலந்திருந்த கரி மட்டும் குழாயின் உருவத்தில் நின்றது. மேலே ஒரு லாரி போனால் போதும். குழாய் நொறுங்கும்.

மக்கள் என்ன சொல்வார்கள்? "லாரி போனதால் உடைந்தது" என்பார்கள். லாரி கடைசி அடியைத்தான் கொடுத்தது. கொலை எப்போதோ நடந்து முடிந்துவிட்டது.

மலைத் தண்ணீரின் குணம்

எதிரி வெளியில் மட்டும் இல்லை. குழாய்க்கு உள்ளேயும் இருக்கலாம்.

மலையிலிருந்து வரும் மழைத் தண்ணீர் மென்மையானது. சோப்பு நன்றாக நுரைக்கும். பருப்பு சீக்கிரம் வேகும். குடிக்க ருசியாக இருக்கும். ஆனால், அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. சுண்ணாம்பு கலந்த தண்ணீர் குழாயின் உட்புறத்தில் மெல்லிய பூச்சாகப் படிந்து காப்பாற்றும். மென்மையான தண்ணீர் அப்படிப் படிவதில்லை. தனக்கு வேண்டியதைக் குழாயிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இரும்பையும் கரைக்கும். சிமெண்டையும் கரைக்கும்.

உள்ளே துரு கட்டி கட்டியாக வளரும். ஆறு அங்குலக் குழாய் நான்கு அங்குலமாகச் சுருங்கும். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது. காலையில் முதல் குடம் செந்நிறமாக வரும். "மோட்டார் சரியில்லை" என்பார்கள். மோட்டார் நன்றாகத்தான் இருக்கும். குழாயின் தொண்டை அடைத்திருக்கும்!

தண்ணீரின் குணத்தைப் பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் பிளின்ட் நகரம் சாட்சி. 2014ல் அந்த நகரம் தன் குடிநீரை வேறோர் ஆற்றிலிருந்து எடுத்தது. அந்தத் தண்ணீர் குழாயை அரிக்கும் குணம் உள்ளது. அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டார்கள். பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து தண்ணீரில் கலந்தது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. பணக்கார நாட்டிலேயே அந்தக் கதி!

புதுத் துண்டு ஏன் முதலில் போகிறது?

பலருக்கும் ஒரு சந்தேகம் உண்டு. பழைய குழாய் முப்பது ஆண்டு உழைத்தது. நடுவில் மாட்டிய புதுத் துண்டு சில ஆண்டுகளிலேயே ஓட்டையாகிவிட்டது. உடனே, "இந்தக் காலத்து இரும்பு மட்டம். காண்டிராக்டர் ஏமாற்றிவிட்டார்" என்று சொல்வார்கள்.

சில சமயம் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் எப்போதும் அல்ல.

பழைய குழாயின் மேல் துருப் படலம் மூடியிருக்கிறது. புதுத் துண்டு பளபளப்பாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் புதைத்தால் அதுவும் ஒரு பேட்டரி. அதில் புது இரும்பு கரையும். பழைய இரும்பு தப்பிக்கும்! நல்ல இரும்பாக இருந்தாலும் இதே கதிதான்.

பித்தளையையும் செம்பையும் இரும்போடு நேராக இணைத்தாலும் இப்படித்தான். இரும்பு கரையும். பித்தளை பத்திரமாக இருக்கும்.

ஆக, காரணம் தெரியாமல் ஒட்டுப் போடுவது சும்மா இருப்பதைவிட மோசமாகக்கூட முடியலாம். நோய் எது என்று பார்க்காமல் மருந்து கொடுப்பதற்குச் சமம் அது.

"பழசானால் கெட்டுப்போகாதா?"

"குழாய் பழசு. பழசானால் கெடத்தானே செய்யும்?" என்று சிலர் கேட்கலாம்.

பிரான்ஸ் நாட்டில் வெர்சேல்ஸ் அரண்மனை இருக்கிறது. அதன் நீரூற்றுகளுக்கு 17ஆம் நூற்றாண்டில் வார்ப்பிரும்புக் குழாய் போட்டார்கள். அதில் ஒரு பகுதி 300 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது!

ஒரு குழாய் 300 ஆண்டு இருக்கிறது. இன்னொரு குழாய் பத்து ஆண்டில் போகிறது. அப்படியானால் வயது காரணம் அல்ல. புதைத்த இடம்தான் முக்கியக் காரணம்.

இதை அமெரிக்க அரசின் தரநிர்ணய நிலையம் சந்தேகமின்றி நிரூபித்தது. 1922 முதல் பல ஆண்டுகள் அது ஒரு பெரிய பரிசோதனை நடத்தியது. 128 இடங்களில் 36,500 உலோகத் துண்டுகளைப் புதைத்தார்கள். குறித்த காலம் கழித்துத் தோண்டி எடுத்தார்கள். எடை போட்டார்கள். குழியின் ஆழத்தை அளந்தார்கள். 1957ல் முழு முடிவும் புத்தகமாக வந்தது.

முடிவு என்ன? சாதாரண இரும்பு வகைகளுக்குள் வித்தியாசம் குறைவு. மண்ணுக்கும் மண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதிகம்!

இரும்பைத் திட்டுவதற்கு முன் மண்ணை விசாரிக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

துப்புத் துலக்குவது எப்படி?

போலீசார் குற்றம் நடந்த இடத்தில் தடயம் எடுப்பது போல, குழாய் உடைந்த இடத்திலும் தடயம் எடுக்க வேண்டும். அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம்.

முதலில் உடைந்த துண்டைப் பார்க்க வேண்டும். அரிப்பு வெளியிலா, உள்ளேயா? உள்ளே என்றால் தண்ணீர் குற்றவாளி. வெளியே என்றால் மண். மேல்பக்கமா, அடிப்பக்கமா? அடிப்பக்கம் என்றால் காற்று வித்தியாசம். கறுப்பு நிறமும் முட்டை நாற்றமும் இருந்தால் கிருமி. இணைப்புக்குப் பக்கத்தில் மட்டும் என்றால் இரண்டு உலோகச் சண்டை.

இரண்டாவது, குழாய் கிடந்த ஆழத்திலிருந்து ஒரு பை மண் எடுக்க வேண்டும். மேல் மண் உதவாது. அதில் உப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மண் எவ்வளவு சுலபமாக மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அளக்க வேண்டும். நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில் நட்டு, ஒரு சிறு கருவியால் அளந்துவிடலாம். தோண்டவே வேண்டாம். 1,000 ஓம் சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் அது கொடிய மண். 10,000க்கு மேல் வந்தால் பெரும்பாலும் சாது மண்.

நான்காவது, அக்கம்பக்கத்தில் மின்சாரம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். டிராம் வண்டி ஓடிய நகரங்களில் தண்டவாளத்திலிருந்து மண்ணில் கசிந்த மின்சாரம் குடிநீர்க் குழாயில் ஏறி, இறங்கும் இடத்தில் ஓட்டை போட்டது. பழைய கதைதான். ஆனால் நேர் மின்சாரம் மண்ணில் கசியும் எந்த இடத்திலும் அது மறுபடி நடக்கலாம்.

ஐந்தாவதுதான் மிக முக்கியம். எழுதி வைக்க வேண்டும்!

எந்தத் தெரு, எந்தத் தேதி, எந்த ஆண்டு போட்ட குழாய், என்ன வகை, எவ்வளவு ஆழம், என்ன காரணம் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஊர்ப் படத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இரண்டு ஆண்டு இப்படிச் செய்தால் போதும். புள்ளிகள் ஒரே இடத்தில் கூடும். குற்றவாளியின் வீடு தெரிந்துவிடும்!

மருந்து உண்டு

காரணம் தெரிந்தால் மருந்தும் உண்டு. ஆனால் ஒவ்வொரு நோய்க்கும் மருந்து வேறு.

களிமண் என்றால் குழாயைச் சுற்றி நல்ல மணல் போட்டு மூடலாம். கொடிய மண் என்றால் குழாய்க்குப் பாலித்தீன் உறை போடலாம். தலையணைக்கு உறை போடுவது போலத்தான். சாதாரணமாகத் தெரியும். ஆனால் பல நாடுகளில் பல ஆண்டுகளாகப் பலன் கொடுத்திருக்கிறது. உறை கிழியாமல் போடுவதில்தான் சூட்சுமம்.

உள்ளே அரிக்கிறது என்றால் சிமெண்டுப் பூச்சுள்ள குழாய் வேண்டும். தண்ணீரில் அளவாகச் சுண்ணாம்பு சேர்த்து அதன் குணத்தையும் மாற்றலாம்.

இன்னொரு மருந்து கதை போல இருக்கும். 1824ல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி, போர்க் கப்பலின் செம்புத் தகட்டைக் காப்பாற்ற வழி தேடினார். அதோடு இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளை இணைத்தார். அந்தத் துண்டுகள் கரைந்தன. செம்பு தப்பியது! அதே வழியில் மக்னீசியத்தை இரும்புக் குழாயோடு கம்பியால் இணைத்துப் புதைக்கிறார்கள். மக்னீசியம் தன்னை அழித்துக்கொள்கிறது. குழாய் வாழ்கிறது. மின்சாரம் கொடுத்தும் இதைச் செய்யலாம். 1928ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஓர் எரிவாயுக் குழாய்க்கு இப்படிச் செய்து வழி காட்டினார்கள்.

"எல்லாவற்றையும் பிளாஸ்டிக் குழாயாக மாற்றிவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. பல இடங்களுக்கு அதுவே சரி. ஆனால் அதற்கும் சரியான ஆழம் வேண்டும். அடியில் கல் குத்தக்கூடாது. கனமான வண்டி நசுக்கக்கூடாது. வால்வும் போல்ட்டும் இரும்பாகவே இருக்கும். அவை துருப்பிடிக்கும். எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை கிடையாது.

காரைக்குடி இருக்கிறது

இதையெல்லாம் சொல்லித்தர வெளிநாட்டு நிபுணர் வேண்டாம். தமிழ்நாட்டிலேயே நிபுணர்கள் இருக்கிறார்கள்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதற்காக வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ல், பொங்கல் நாளில், டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். உலோகம் எப்படி அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்பது அந்த நிலையத்தின் முக்கிய ஆராய்ச்சிகளில் ஒன்று. மண்டபம் கடற்கரையில் உப்புக் காற்றில் உலோகத்தை வைத்துப் பரிசோதித்தவர்கள் அவர்கள்.

1971 முதல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் என்ஜினீயரிங் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் ஏராளம். நான்கு கம்பி நட்டு மண்ணை அளப்பது மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. ஒரு வகுப்பு மாணவர்கள் ஓராண்டில் ஓர் ஊரையே அளந்துவிடுவார்கள். ஊருக்கும் உபயோகம். மாணவருக்கும் உபயோகம்.

இந்த மண்ணுக்கு இரும்பு புதிதும் அல்ல. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில், டிலனாய் என்ற தளபதி உதயகிரிக் கோட்டையில் உலை வைத்துப் பீரங்கி வார்த்தார். இரும்பை உருக்கத் தெரிந்த மண்ணுக்கு, அதைக் காப்பாற்றத் தெரியாதா?

"தண்ணீர் வந்தால் போதும்"

ஒரு மறுப்பு உண்டு. அதையும் கேட்க வேண்டும்.

"குழாய் உடைந்ததும் ஜனங்கள் கூடிவிடுகிறார்கள். உடனே தண்ணீர் விடு என்கிறார்கள். அந்த நேரத்தில் மண்ணை எடுத்துச் சோதித்துக்கொண்டு இருக்க முடியுமா?" என்று வேலை பார்ப்பவர்கள் கேட்பார்கள்.

நியாயமான கேள்வி. கழுத்தளவு சேற்றில் நின்று இரவெல்லாம் வேலை செய்பவர் அவர்தான். அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

முதலில் தண்ணீர் வரட்டும். அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால், அறுத்த துண்டில் ஒரு சாண் அளவு எடுத்து வைக்க ஐந்து நிமிடம் போதும். ஒரு பை மண் அள்ள இரண்டு நிமிடம். செல்போனில் படம் பிடிக்க ஒரு நிமிடம். மீதி வேலையை மறுநாள் அலுவலகத்தில் செய்யலாம்.

இன்னொரு மறுப்பு: "சோதனைக்குப் பணம் எங்கே?"

ஒரே இடத்தில் மூன்று முறை தோண்ட எங்கிருந்து பணம் வந்தது? மூன்று முறை சாலையைச் சீர் செய்ய எங்கிருந்து வந்தது? கேன் தண்ணீருக்கு மக்கள் கொடுக்கும் பணம் யார் கணக்கில்? மருத்துவமனைச் செலவு யார் கணக்கில்? இவற்றோடு ஒப்பிட்டால் மண் சோதனைச் செலவு மிகச் சொற்பம்.

இனி என்ன செய்ய வேண்டும்?

மூன்று காரியம் செய்ய வேண்டும்.

ஒன்று: புதுக் குழாய் போடுவதற்கு முன், அது போகும் வழி நெடுக மண்ணைச் சோதிக்க வேண்டும். வயலுக்கு ஒரு குழாய், உப்பு மண்ணுக்கு ஒரு குழாய், சரளைக்கு ஒரு குழாய் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். டெண்டரிலேயே இதை எழுத வேண்டும்.

இரண்டு: உடைந்த ஒவ்வொரு துண்டையும் பார்த்து, காரணம் எழுதிய பிறகே கடைக்கு அனுப்ப வேண்டும்.

மூன்று: எந்தத் தெருவில் எத்தனை முறை உடைந்தது, என்ன காரணம் என்ற படத்தை மக்கள் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

மக்களுக்கும் கடமை உண்டு. தண்ணீர் கலங்கி வந்தால், நாற்றம் அடித்தால், வேகம் குறைந்தால் அன்றே புகார் கொடுக்க வேண்டும். கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். குழாய்க்கு மேல் சாக்கடையைத் திருப்பக்கூடாது. இரவில் திருட்டு இணைப்பு எடுப்பவர் குழாயின் மேல்பூச்சைச் சுரண்டிவிடுகிறார். அவர் தண்ணீரை மட்டும் திருடவில்லை. குழாயின் ஆயுளையும் திருடுகிறார்.

அடுத்த முறை சாலையைத் தோண்டும்போது, அங்கே நிற்பவர்கள் "எப்போது தண்ணீர் வரும்?" என்று கேட்கட்டும். அது அவர்கள் உரிமை.

கூடவே இன்னொரு கேள்வியும் கேட்கட்டும்.

"குழாய் ஏன் ஓட்டையானது?"

பதில் கிடைக்கும் வரை கேட்கட்டும்!